பச்சரிசியும் புழுங்கலரிசியும்: மலாயா கற்றுத் தந்த பாடம்

குடியேறி வந்த ஒரு சமூகத்தில் ஒரு நோய் மிகுந்து காணப்பட்டால், அது அவர்களிடமிருந்து பிறருக்குத் தொற்றும் என்று அஞ்சுவது உலக இயல்பு. அவர்கள் என்ன உண்கிறார்கள் என்னும் வினா பெரும்பாலும் பின்னரே எழுகிறது. இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே தக்க சான்று உண்டு. அதனை இங்கு ஆராய்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரைப் 'பெரிபெரி' என்னும் நோய் கடுமையாக வாட்டியது. கால்கள் மரத்துத் தளரும், உடல் வீங்கும், முடிவில் இதயம் செயலிழக்கும். இயலாமையைக் குறிக்கும் சிங்களச் சொல்லின் இரட்டிப்பே இப்பெயர் என அகராதிகள் கூறும். மண்ணிலும் கட்டடங்களிலும் தங்கும் கிருமியே காரணம் என்று அக்கால மருத்துவர் பலர் கருதினர். ஆயினும், அதே நாட்டில் உழைத்த தமிழரிடம் இந்நோய் அரிதாகவே இருந்தது.

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் லெனார்ட் பிராடன் இவ்வேற்றுமையை ஊன்றி நோக்கினார். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. நோயின் வேர் அரிசியிலேயே உள்ளது என 1907இல் வெளியிட்ட நூலில் அவர் வாதிட்டார். பச்சரிசியில் நஞ்சு தோன்றுகிறது என அவர் எண்ணியது பின்னர்ப் பொருந்தாமற் போயிற்று; ஆனால் அவர் சுட்டிய இடம் சரியானதே.

இவ்விடத்தில் சொற்களையும் சற்று நோக்குதல் தகும். 'புழுங்கு' தன்வினை, 'புழுக்கு' அதன் பிறவினை. நெல்லை ஊறவைத்து, உமியோடு அவித்து, உலர்த்திய பின் குற்றுவதால் கிடைப்பது புழுங்கலரிசி. பச்சரிசியில் உள்ள 'பச்சை' நிறத்தைக் குறிப்பதன்று, அவிக்கப்படாமையைக் குறிப்பது. உண்போர் நாவுக்குப் பழகிய இவ்வேறுபாடே மருத்துவர் தேடிய விடையாக இருந்தது.

கோலாலம்பூர் மனநோய் விடுதியில் வில்லியம் பிளெட்சர் 1905ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளரை ஒன்றுவிட்டு ஒருவராகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் அளித்தார். இடையில் இரு குழுவினரும் கூடம் மாற்றி அமர்த்தப்பட்டனர். நோய் கூடத்தில் தங்கவில்லை. பச்சரிசி உண்டோரையே தொடர்ந்தது. அடுத்து, ஹென்றி பிரேசரும் ஸ்டான்டனும் ஜெலுபு மலைப்பகுதியில் சாலை அமைத்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரிடம் ஆய்ந்து அதே முடிவைக் கண்டனர். உண்ணும் அரிசியை மாற்றியபோது நோயும் குழு மாறியது.

காரணம் யாது? அரிசியின் மேலுறையிலும் முளையிலும் தயாமின் என்னும் உயிர்ச்சத்து பி1 உள்ளது. வெள்ளையாகத் தீட்டும்போது அது தவிட்டோடு நீங்குகிறது. நெல்லை அவிக்கும்போதோ அச்சத்தில் ஒரு பகுதி மணியின் உள்ளே சென்று படிகிறது. பின்னர்த் தீட்டினாலும் எஞ்சி நிற்கிறது. இச்சத்து ஜாவாவில் 1926இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது.

இதனைத் தமிழரின் பெருமையாகக் கொள்ளுதல் கூடாது. ஜாவானியரும் புழுங்கலரிசி உண்டபோது நோயின்றி இருந்தனர். காத்தது குருதியன்று, உணவே. அதே தமிழர் தோட்டங்களில் மலேரியாவாலும் கொக்கிப்புழுவாலும் பெருந்துன்பம் உற்றனர் என்பதையும் மறத்தலாகாது.

பெரிபெரி தொற்றுநோயன்று. எனினும், தொற்றுநோய்களிலும் உணவுக்குப் பங்குண்டு. காசநோய்க் கிருமி உடலில் புகுந்தோர் அனைவரும் நோயாளர் ஆவதில்லை. ஊட்டமற்ற உடலில் அது எளிதில் தலைதூக்குகிறது. இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில், காசநோயாளரின் வீட்டாருக்கு உணவுப் பொருள்களும் சத்து மாத்திரைகளும் வழங்கி ஆய்வு நடத்தப்பட்டது. அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்ததாக 2023இல் அதன் முடிவுகள் காட்டின.

இன்றும் நம் நகரங்களில் அயல்நாட்டுத் தொழிலாளர் நெருக்கமான விடுதிகளில் வாழ்கின்றனர். அவர்களை நோய் பரப்புவோர் எனச் சுட்டுமுன், அவர்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்க மாணவரைப் பழக்குவோம். நூறாண்டுகளுக்கு முன் அவ்வினாவைச் சற்று முன்னதாகக் கேட்டிருந்தால், எத்தனையோ சுரங்கத் தொழிலாளர் உயிர் பிழைத்திருப்பர்.