டோக்கன் யார் கையில்?

ரயில்வே சிக்னல் பிரிவில் காலமெல்லாம் குப்பை கொட்டியவன் நான். ரிடையரான பிறகு மகளின் பழைய புத்தகத்தை வைத்து சி மொழி கற்றேன். கற்றதைக் காட்ட வேண்டாமா? சங்கத்தின் பொங்கல் விழா உறைகளுக்கு முகவரி அச்சிட நானே புரோகிராம் எழுதுகிறேன் என்று செயலாளரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அறுபது உறைகள். அறுபதிலும் ஒரே பெயர்! பட்டியலின் கடைசி அங்கத்தினருடையது.

சி மொழியில் ஒரு பெயர் என்பது வரிசையாக நிற்கும் பைட்டுகளும் கடைசியில் ஒரு பூஜ்யமும்தான். நான் பட்டியலில் வைத்ததோ அவை இருக்கும் இடத்தின் விலாசம் மட்டும். எல்லாப் பெயரையும் ஒரே இடத்தில் படித்ததால், கடைசியாகக் குடிவந்தவரே நிலைத்தார்.

ஒவ்வொரு பெயருக்கும் 'ஸ்டிர்டப்' போட்டுத் தனி இடம் வாங்கினேன். வாங்கிய இடத்தை 'ஃப்ரீ' போட்டு நாமே திருப்பித் தர வேண்டும். அதிக அக்கறையில் ஒரே இடத்தை இரண்டு முறை திருப்பினேன், புரோகிராம் படுத்துவிட்டது. 'கெட்என்வ்' தரும் எழுத்துகளையோ திருப்பவே கூடாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். யாருடையது என்பது கையேட்டில் மட்டுமே இருக்கிறது. தன் மென்பொருளின் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் இத்தகைய நினைவகத் தவறுகளே என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் சொன்னது. எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

"ரஸ்ட்டில் இதைக் கம்பைலரே விடாதுப்பா" என்றாள் மகள். 2015இல் முதல் நிலையான பதிப்பு வந்த மொழி. அதில் ஒரு ஸ்டிரிங்குக்கு ஒரே சொந்தக்காரர். இன்னொருவரிடம் கொடுத்துவிட்டால் பழையவர் தொட முடியாது. படிக்க மட்டும் இரவல் தரலாம். இரவல் முடியும்வரை சொந்தக்காரரும் அதை மாற்ற முடியாது.

அட, இது நம் நீல் டோக்கன்! ஒற்றைப் பாதையில் இரு ஸ்டேஷன் கருவிகளும் மின்சாரத்தால் பிணைக்கப்பட்டவை. ஒரு பந்து வெளியே வந்தால், அது ஏதாவது ஒரு கருவிக்குள் திரும்பும்வரை மற்றொன்று வராது. பந்து இல்லாத டிரைவர் நகரக்கூடாது. 1983இல் ஓரிரவு, ஒரு டிரைவர் பந்தைக் கொடுக்க மறந்து அடுத்த பிரிவுக்கே எடுத்துப் போய்விட்டார். அது திரும்பும்வரை காகித அனுமதியில் வண்டிகளை ஊரவிட்டு விடிய விடிய நின்றோம். தாமதம்தான், மோதல் இல்லை. இடத்தைத் திருப்ப மறப்பதும் அப்படித்தான். இருவர் கையில் பந்து இருப்பதுதான் பயங்கரம்.

ரஸ்ட் கம்பைலர் சிடுமூஞ்சி ஸ்டேஷன் மாஸ்டர். எனக்குப் பழக்கமான ஜாதிதான். உறைகளை அந்த வருஷம் கையால் எழுதி முடித்தோம். பட்டியலின் கடைசிப் பெயர்க்காரர் மட்டும் இன்றும் என்னைப் பார்த்தால், "சார், என் பாக்கி ஐம்பத்தொன்பது அழைப்பிதழ் எங்கே?" என்கிறார்.