காலை மட்டுமல்ல, விரலையும் பாருங்கள்

“இன்னும் நடக்கலையா? எங்க பேரன் பத்து மாசத்துலயே நடந்துட்டானே!” முதல் பிறந்தநாள் நெருங்கும் குழந்தையோடு எந்த விசேஷத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். கேட்டவர் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். தாய்க்குத்தான் அன்றிரவு தூக்கம் வராது.

அந்தக் கவலை பெரும்பாலும் தேவையற்றது. இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 800க்கும் மேற்பட்ட ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, உலக சுகாதார நிறுவனம் 2006இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அதன்படி, தானாக நடக்கத் தொடங்கும் வயது 8 மாதத்திலிருந்து 17 மாதம் தாண்டியும் நீள்கிறது. முட்டி போட்டுத் தவழாமலேயே நடைக்குப் போனவர்களும் நூற்றுக்கு நான்கு பேர் இருந்தார்கள். நம் பிள்ளைத்தமிழ் மரபும் அவசரப்படவில்லை. கைகொட்டும் சப்பாணிப் பருவத்துக்கு ஒன்பதாம் மாதம். தளர்நடை போட்டு வரும் வருகைப் பருவத்துக்கோ ஆண்டு நிறைந்த பிறகு, பதின்மூன்றாம் மாதம்.

காலையே பார்த்துக்கொண்டிருந்தால் கை செய்யும் அற்புதம் தவறிவிடும். தரையில் கிடக்கும் ஒற்றைப் பொரியை ஏழு மாதக் குழந்தை உள்ளங்கையால் வாரப் பார்க்கும். ஆண்டு நிறைவதற்குள் அதே குழந்தை கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளால் அதைக் கிள்ளி எடுத்துவிடும். (நிலக்கடலை, பட்டன் பேட்டரி எல்லாம் பரணுக்குப் போகவேண்டிய காலமும் இதுதான்.) பந்தைத் துண்டால் மூடினால் துண்டை விலக்கித் தேடும், கண்ணுக்கு மறைந்த பொருளும் இருக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. பிறகு ஒருநாள் நிலாவை நோக்கி விரல் நீட்டி, அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். ‘நீயும் பார்’ என்று சொல் இல்லாமல் சொல்கிறது. முதல் எட்டைவிட இந்த விரல் நீட்டலைத்தான் கொண்டாட வேண்டும். பேச்சு இங்கிருந்துதான் கிளைக்கிறது.

காதும் சும்மா இல்லை. கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் இந்தியின் ட, த ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். பத்துப் பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலானோரால் அது முடியவில்லை. ஆங்கிலத்துக்கு அந்த வேறுபாடு தேவைப்படாததால் காது அதைக் கைவிட்டுவிட்டது. ‘பட்டு’, ‘பத்து’ என்று நாள் முழுக்கக் கேட்கும் நம் பிள்ளைக்கு அது அவசியம். அதனால் குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் ஓயாமல் பேசுங்கள்.

எதையும் ‘போகப்போகச் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடலாம் என்பதல்ல. ஒரு வயதிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, ‘பாபா, மாமா’ என்று மழலை பேசாத குழந்தை, பிடித்துக்கொண்டும் நிற்காத குழந்தை, ஒரு கையை மட்டுமே பயன்படுத்தும் குழந்தை ஆகியோரைக் குழந்தை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். கற்றுக்கொண்ட ஒன்றை மறந்துவிட்டாலோ ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. கேட்கும் திறன் குறைந்திருந்தால், எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவுக்குப் பேச்சைக் காப்பாற்றலாம்.

குறைமாதக் குழந்தைக்குக் கணக்கு வேறு. 32 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு எட்டு வாரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். கேக் வெட்டும் நாளில் மருத்துவர் அதைப் பத்து மாதக் குழந்தையாகத்தான் பார்ப்பார்.