பாய் விரித்தாலும் விசைப்படகுதான்!

புனே அருகே கடக்வாஸ்லா ஏரியில் பாய்மரப் படகுகளைக் காணலாம். ஏரிக்கரையிலுள்ள தேசிய ராணுவ அகாடமி மாணவர்கள் அங்கு படகோட்டப் பயிற்சி பெறுகின்றனர். இவர்களில் கடற்படைக்குச் செல்வோர், கடலில் இறங்குமுன் ஒரு விதியை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பாய் விரித்திருந்தாலும், இயந்திரத்தை ஓட்டிச் சென்றால் அது பாய்மரப் படகு அல்ல, விசைப்படகே!

கடலில் மோதலைத் தவிர்க்க 1972-ல் லண்டனில் வகுக்கப்பட்டு, 1977 ஜூலை 15 முதல் அமலில் உள்ள சர்வதேச விதி இது. இந்தியாவும் இதை ஏற்றுள்ளது.

யார் வழிவிடுவது?

காற்றை மட்டும் நம்பிச் செல்லும் படகு நினைத்தபடி திரும்ப இயலாது. ஆகவே பொதுவாக விசைப்படகு அதற்கு வழிவிட வேண்டும். ஆனால், பாய்மரப் படகு வேறொன்றை முந்திச் சென்றால், அதுவே ஒதுங்கிச் செல்ல வேண்டும். குறுகிய கால்வாயில் பெரிய கப்பலை மறிக்கவும் கூடாது. இயந்திரத்தை முடுக்கியதும் பாய்மரப் படகுக்குரிய சலுகை போய்விடும். இரு விசைப்படகுகள் குறுக்கிடும்போது, மற்றதைத் தன் வலப்புறத்தில் காண்பது வழிவிட வேண்டும்.

சிவப்பு தெரிந்தால்...

இரவில் படகின் இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை, பின்புறம் வெள்ளை விளக்கு எரிய வேண்டும். வலப்புறமிருந்து குறுக்கே வரும் படகின் சிவப்பு விளக்கே நம் கண்ணில் படும். ரயில் சிக்னலைப் போல அதை எச்சரிக்கையாகக் கொள்ளலாம். வழிவிட வேண்டியவர் நாம்தான்.

இயந்திரம் ஓடினால், முன்னோக்கி ஒளிவீசும் வெள்ளை விளக்கு ஒன்றும் உயரே எரிய வேண்டும். சிறு படகுகள் பாய்மர உச்சியில் வைக்கும் மூவண்ண விளக்கு, பாயில் மட்டும் செல்லும்போதுதான் செல்லும். இயந்திரம் ஓடும்போது அதை அணைத்துவிட வேண்டும். பகலில், கூர்முனை கீழ்நோக்கிய கறுப்புக் கூம்பு ஒன்றை முன்புறம் தொங்கவிட வேண்டும்.

தோணிக்கும் உண்டு

காற்றை நம்பிச் சரக்கேற்றிய தூத்துக்குடித் தோணிகளில் பிற்காலத்தில் இயந்திரம் பொருத்தப்பட்டது. தமிழகக் கரையோர நாட்டுப்படகுகள் பலவற்றிலும் இன்று இயந்திரம் உண்டு. இருட்டில் வரும் சரக்குக் கப்பலின் மாலுமிக்குப் பாயும் தெரியாது, இயந்திர ஓசையும் கேட்காது. விளக்கை வைத்தே அவர் முடிவெடுக்கிறார். விளக்கு தவறினால் அவர் கணக்கும் தவறும்; போவது சிறு படகிலுள்ளோர் உயிர். ஊருக்குக் கடிதம் எழுதும்போது, கடலுக்குப் போகும் உறவினருக்கு இதையும் ஒரு வரி எழுதலாம்.