அடுப்பை அணைத்துவிட்டுச் சமைப்போம்!

டொராண்டோவில் இருக்கும் என் தங்கை தொலைபேசியில் பேசும்போதெல்லாம் தன் வீட்டு ‘ஸ்லோ குக்கர்’ புராணம் பாடாமல் விடமாட்டாள். “காலையில எல்லாத்தையும் அதுல போட்டு, சுவிட்சைத் தட்டிட்டு வேலைக்குப் போயிருதேன்க்கா. சாயங்காலம் வந்தா குழம்பு தயாரா இருக்கு” என்பாள். கேட்கும்போது எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். அந்தப் பொறாமை ஒரு நாள் என் குடும்பத்தைப் பெரிய ஆபத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. நம்மைப் போல வேலைக்கு ஓடும் தாய்மார்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால்தான் நம் இதழில் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது மான்குர்த்தில். 1992-ல் வாஷிக்கு ரயில் விடும் வரை துறைமுக ரயில் பாதைக்கு எங்கள் ஊர்தான் கடைசி நிலையம். அப்போது இங்கே ஏறினால் உட்கார்ந்து போகலாம். இப்போது பன்வேலிலிருந்தே வண்டி நிரம்பி வருகிறது. காலை ஏழு மணிக்கு வீட்டைப் பூட்டினால்தான் நான் கோட்டைப் பக்கத்து அலுவலகத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர முடியும். என் கணவருக்கு ஷிப்டு வேலை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் பகல் ஒரு மணிக்குப் பசியோடு வருவாள். அவள் தனியாக அடுப்பு மூட்டக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எனவே தினமும் ஆறிப்போன சோறுதான்.

தங்கை மின்சாரத்தில் செய்வதை நாம் கேஸ் அடுப்பில் ‘சிம்’மில் வைத்துச் செய்தால் என்ன என்று ஒரு நாள் தோன்றியது. இரவு ஊறவைத்த கொண்டைக்கடலையைப் பானையில் போட்டு, சின்ன பர்னரில் தீயை ஒட்டக் குறைத்து வைத்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன். மகள் வந்து அணைத்துக்கொள்வாள் என்று கணக்கு. கடலைத் தண்ணீர் நுரைத்துப் பொங்கித் தீயை அணைத்துவிட்டது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

எதிர்வீட்டு மராத்தி மாவ்ஷிக்கு வாடை தட்டியதால் பிழைத்தோம். எங்கள் வீட்டின் மாற்றுச் சாவி அவரிடம் இருந்தது. அவர் எந்தச் சுவிட்சையும் தொடாமல், கதவு ஜன்னல்களைத் திறந்து, ரெகுலேட்டரை மூடியிருக்கிறார். சிலிண்டர் கேஸ் காற்றை விடக் கனமானது. தரையோடு படிந்து நிற்கும். மாவ்ஷி அன்று ஊரில் இல்லாமல் இருந்து, ஒரு மணிக்கு என் மகள் வந்து விளக்கைப் போட்டிருந்தால்? இன்றும் நினைத்தால் கை நடுங்குகிறது.

அந்த வாரம் திருநெல்வேலியிலிருந்து அம்மா வந்திருந்தார்கள். நடந்ததைக் கேட்டுவிட்டு, “ஏட்டி, தீ இருந்தாத்தான் வேகுமா? சூடு இருந்தாப் போதாதா? கொதிக்கவச்சு மூடிப் பொதிஞ்சு வச்சிட்டுப் போ” என்றார்கள். அந்த ஒரு வாக்கியத்தில்தான் இந்தக் கட்டுரை முழுவதும் இருக்கிறது.

சூடு எங்கே போகிறது?

அம்மா சொன்னதை என் மகளின் அறிவியல் பாடத்தோடு ஒட்டிப் பார்த்தேன். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் திறந்த பானையில் சூடு ஏறாது, தண்ணீர்தான் ஆவியாகும். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பத்தைப் போல ஏழு மடங்குக்கும் மேல், அதே தண்ணீரை முழுவதும் ஆவியாக்கத் தேவைப்படுகிறது. அதாவது மணிக்கணக்கில் கொதிக்கவிடும்போது நம் சிலிண்டர் ஜன்னல் வழியே ஆவியாகப் போய்க்கொண்டிருக்கிறது! பருப்போ கடலையோ வேகத் தளதளவென்ற கொதி தேவையில்லை. நல்ல சூட்டில் நேரம் கொடுத்தால் போதும். அந்தச் சூடு வெளியே போகாமல் காப்பதுதான் மெதுச் சமையலின் ரகசியம்.

இது ஒன்றும் புதிதல்ல. நம் பாட்டிமார் இரவில் தணலின் மேல் பால் பானையை விட்டுவைப்பார்கள். கல்சட்டியில் வைத்த வத்தக்குழம்பு, இறக்கிய பிறகும் கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1910-ல் கல்கத்தாவின் இந்துமாதவ் மல்லிக் என்ற மருத்துவர், அடியில் சிறிது கரி, மேலே அடுக்கடுக்காகப் பாத்திரங்கள் என்று ‘இக்மிக் குக்கர்’ உருவாக்கினார். நம் தமிழ்க் குடும்பங்களில் பெரியவர்கள் சொல்லும் ‘ருக்மணி குக்கர்’ அதே வகைதான். பிரஷர் குக்கர் வந்து இரண்டையும் பரணுக்கு அனுப்பிவிட்டது.

வெளிநாட்டிலும் இப்படித்தான். 1867 பாரிஸ் கண்காட்சியில் நார்வேக்காரர்கள், கொதித்த பானையை வெப்பம் காக்கும் பெட்டிக்குள் வைத்து வேகவைக்கும் முறையைக் காட்டினார்கள். உலகப் போர்க் காலங்களில் இங்கிலாந்தில் எரிபொருளை மிச்சப்படுத்த வைக்கோல் பெட்டிச் சமையல் பரவியது. தங்கையின் மின்சாரப் பானைக்கும் ஒரு தாயின் கதை உண்டு. யூதர்கள் தங்கள் ஓய்வுநாளில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அதனால் முந்திய மாலையே ‘சோலன்ட்’ என்ற அவரைக்கொட்டைக் குழம்பைப் பானையில் கூட்டி, ரொட்டி சுடும் அடுப்பின் மிச்சச் சூட்டில் இரவெல்லாம் விட்டுவைப்பார்கள். லித்துவேனியாவில் வளர்ந்த தன் தாய் இதைச் சொல்லக் கேட்டுத்தான் அமெரிக்கரான இர்விங் நாக்சன் மின்சாரப் பானை ஒன்றைச் செய்து, 1940-ல் காப்புரிமை பெற்றார். அதுவே 1971-ல் ‘கிராக்பாட்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது.

பெட்டி செய்யும் விதம்

செலவே இல்லை. பழைய டிரங்குப் பெட்டியோ கெட்டியான அட்டைப் பெட்டியோ போதும். அடியில் நான்கு விரற்கடைக்குக் குறையாமல் பழந்துணியோ, கசக்கிய செய்தித்தாளோ பரப்புங்கள். நடுவில் பானைக்கு இடம் விட்டு, சுற்றிலும் அதே கனத்துக்கு அடையுங்கள். மேலே மூட, பழைய சேலைகளை வைத்துத் தைத்த கோதடி ஒன்று வேண்டும். மராத்தி வீடுகளில் தைப்பார்களே, அதேதான். எனக்கு மாவ்ஷியே ஒன்று கொடுத்தார். தெர்மோகோல் கிடைத்தால் வெளிப்பக்கத்தில் வைக்கலாம். கொதிக்கும் பானை நேராக அதில் பட்டால் இளகிவிடும்.

பானைக்கு அடி கனமாகவும் மூடி இறுக்கமாகவும் இருக்க வேண்டும். முக்கால் பாகத்துக்கு மேல் நிரம்பியிருக்க வேண்டும் என்பது மிக முக்கியம். நிறைந்த பானை சூட்டை நெடுநேரம் பிடித்துவைக்கும். அரைப் பானை சீக்கிரம் ஆறிவிடும். மூடியோடு நன்றாகக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்த கையோடு பெட்டியில் வைத்துப் பொதிந்துவிடுங்கள். இடையில் ‘வெந்ததா பார்ப்போம்’ என்று திறக்கவே கூடாது.

எங்கள் வீட்டில் செய்பவை

கஞ்சி: ஒரு டம்ளர் பச்சரிசி, கால் டம்ளர் வறுத்த பாசிப்பருப்பு, எட்டு டம்ளர் தண்ணீர், பூண்டு நாலைந்து பல், சீரகம், உப்பு. பத்து நிமிடம் கொதிக்கவிட்டுப் பெட்டியில் வையுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் குழைந்துவிடும். தண்ணீரைக் குறைத்து, நெய்யில் மிளகு தாளித்துச் சேர்த்தால் அதுவே வெண்பொங்கல்.

சாம்பார்: துவரம்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, மஞ்சள்தூளும் சொட்டு எண்ணெயும் விட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவையுங்கள். பெட்டியில் இரண்டு மணி நேரம். புளியைத் தொடக்கத்திலேயே ஊற்றாதீர்கள். புளிப்புப் பட்டால் பருப்பு வேகாமல் அடம்பிடிக்கும். பருப்பு வெந்த பிறகு காய், புளி, பொடி சேர்த்து ஒரு கொதி விட்டுத் தாளித்தால் முடிந்தது. ஊரில் ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரில் வேகாத பருப்புகூட, மும்பையின் ஏரித் தண்ணீரில் மெழுகாய் வெந்துவிடுகிறது.

கொண்டைக்கடலை: எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் இருபது நிமிடம் நன்றாகக் கொதிக்கவையுங்கள். நுரையை எடுத்துவிடுங்கள். பெட்டியில் ஐந்து மணி நேரம். காலையில் ஆறரைக்கு வைத்தால் மகள் வரும்போது ஆவி பறக்கிறது. சுண்டலோ குழம்போ மாலையில் நான் செய்துகொள்வேன்.

ஆட்டுக்கால் சூப்: ஞாயிற்றுக்கிழமைக்கு. இஞ்சி, பூண்டு, மிளகு, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, பெட்டியில் நான்கு மணி நேரம் வையுங்கள். பரிமாறும் முன் மறுபடி கொதிக்கவைக்க வேண்டும். கால் இன்னும் கெட்டியாக இருந்தால் அந்தக் கொதியோடு மீண்டும் பெட்டிக்குள் வைக்கலாம்.

தேங்காய், பால், கீரை, கொத்தமல்லி எதையும் பெட்டிக்குள் அனுப்ப வேண்டாம். அவை கடைசியில்தான்.

மறக்கக் கூடாதவை

முதலாவது, 60 டிகிரி. அதற்குக் கீழே இறங்கிய உணவில் கிருமிகள் பெருகத் தொடங்கும். சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமி உண்டாக்கும் நச்சு, மறுபடி சுடவைத்தாலும் போகாது. சமையல் வெப்பமானி ஒன்று வாங்கி முதல் சில நாட்கள் சோதித்துக்கொள்ளுங்கள். நிறைந்த பானை எனக்கு ஆறரை மணி நேரம் கழித்தும் 65-க்குக் கீழே இறங்கவில்லை. ஒரு நாள் அரைப் பானைக் கஞ்சி வைத்தேன், 52-க்கு வந்துவிட்டது. மனமில்லாமல்தான் கொட்டினேன், ஆனால் கொட்டினேன். ‘வெதுவெதுப்பாக இருந்தால் சாப்பிடாதே, ஆவி வந்தால் சாப்பிடு’ என்று மகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். இரவு முழுவதும் பெட்டியில் விட்டுவைப்பதும் வேண்டாம்.

இரண்டாவது, ராஜ்மா. இங்கே வளரும் நம் பிள்ளைகளுக்கு ராஜ்மா என்றால் உயிர். பச்சை ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப்பொருள் இருக்கிறது. சரியாக வேகாத நாலைந்து கொட்டை போதும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் பாடாய்ப் படுத்திவிடும். 80 டிகிரி அளவில் அரைகுறையாக வெந்தால் நச்சு குறைவதற்குப் பதில் கூடவும் செய்யலாம். ஸ்லோ குக்கர் வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்! இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவெனக் கொதிக்கவைத்த பிறகுதான் பெட்டியோ மின்சாரப் பானையோ. என்னைக் கேட்டால் ராஜ்மாவைப் பிரஷர் குக்கருக்கே விட்டுவிடலாம். அதன் உள்ளே சூடு 120 டிகிரி வரை போகும்.

மூன்றாவது, வெளிநாட்டுச் சாமான். தங்கை எனக்கும் ஒரு ஸ்லோ குக்கர் கொண்டுவருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். கனடா, அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட். நம் ஊரில் 230. அங்கே வாங்கியதை இங்கே நேரடியாகச் செருகினால் எரிந்துபோகும். வேண்டுமானால் இங்கேயே வாங்கலாம். 200 வாட் பானை ஆறு மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட் ஆகும். ஆனால் ஆளில்லாத வீட்டில் மின்சாரம் எவ்வளவு நேரம் போய்வந்தது என்று தெரியாவிட்டால் அந்த உணவை நம்பாதீர்கள்.

நான்காவது, கேஸ் வாடை வந்தால் சுவிட்ச், தீக்குச்சி, கைப்பேசி எதையும் அங்கே தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். நாள் முழுதும் இயங்கும் அவசர எண் அது.

அவசரத்துக்குப் பிரஷர் குக்கரை மிஞ்ச எதுவும் இல்லை. அதை நானும் விடவில்லை. ஆனால் நாம் வீட்டில் இல்லாத நேரத்தில் நமக்காகச் சமைக்க, தீயில்லாத இந்தப் பெட்டிதான் நம்பகமானது. இப்போது காலையில் கதவைப் பூட்டும் முன் மூன்று காரியம் செய்கிறேன். பெட்டியைப் பொதிகிறேன், ரெகுலேட்டரை மூடுகிறேன், சாவியை மாவ்ஷியிடம் கொடுக்கிறேன். வாரம் ஒரு நாள் அவர் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் பொங்கல் போகிறது. கிண்ணம் ஒருபோதும் வெறுமையாகத் திரும்பி வந்ததில்லை!

நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருக்கும்போதே செய்து பாருங்கள். உங்கள் ஊர்ப் பக்கத்தில் வேறு முறைகள் இருந்தால் இதழுக்கு எழுதுங்கள். கற்றுக்கொள்ளக் காத்திருக்கிறேன்.