செவிப்பறைக்குப் பின்னால் ஓர் அறை



உதகமண்டலம் சென்று பேருந்தில் திரும்பியவர்கள் ஒன்றை உணர்ந்திருப்பீர்கள். மலையிறங்கும்போது காது அடைத்துக்கொள்கிறது. பக்கத்தில் இருப்பவர் பேச்சும் தொலைவில் கேட்கிறது. எச்சிலை விழுங்கியதும் ‘பட்’டென்று திறந்துவிடுகிறது. உதகையில் இறுக மூடிய வெற்றுப் பிளாஸ்டிக் புட்டியும் மேட்டுப்பாளையம் வந்து சேர்வதற்குள் பக்கங்கள் ஒடுங்கிப்போகும். (தண்ணீர்ப் புட்டிகளுக்கு நீலகிரியில் தடை உண்டு, ஆதலால் இச்சோதனையை மனத்திலேயே செய்து பாருங்கள்.) உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கே.

நம் காதிலும் இத்தகைய புட்டி ஒன்று உண்டு. செவிப்பறை என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமே உள்ள சவ்வு. அதன் பின்னே நடுச்செவி என்னும் சிற்றறை. அவ்வறையிலிருந்து மூக்கின் பின்புறத்திற்கு ஒரு குழல் செல்கிறது. 16ஆம் நூற்றாண்டில் அதனை விளக்கிய இத்தாலிய அறிஞர் யூஸ்டேக்கியின் பெயரால் அது வழங்குகிறது. சாதாரணமாக மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் தசைகள் அதனைத் திறக்கின்றன.

மலையேறும்போது உள்ளே மிகுந்த காற்று தானே வெளியேறிவிடும். இறங்கும்போது நிலைமை வேறு. வெளியழுத்தம் குழலின் மென்மையான முனையை அமுக்குவதால், நாம் முயன்று திறந்தாலன்றிக் காற்று உட்புகாது, செவிப்பறை உள்வாங்குகிறது.

மலைக்குச் செல்லாதவர்க்கும் இது நேரலாம். நடுச்செவியிலுள்ள காற்றை அதன் சுவர்கள் சிறிது சிறிதாக இரத்தத்தில் உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. சளியாலோ, மூக்கின் பின்னுள்ள சதை வளர்ச்சியாலோ குழல் அடைபட்டால் இழந்த காற்று திரும்புவதில்லை. பறை உள்ளிழுக்கப்படுகிறது, நாளடைவில் உள்ளே நீரும் கோக்கிறது. சிறுவர்க்குக் குழல் குட்டையாகவும் படுக்கையாகவும் இருப்பதால் அவர்களே அதிகம் துன்புறுகிறார்கள்.

முப்பதாண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். கரும்பலகையைப் பார்த்துப் பிழையின்றி எழுதுகிறவன், சொல்வதெழுதுதலில் மட்டும் தடுமாறுகிறான். ஒரு வாரம் கேட்கிறது, மறுவாரம் கேட்பதில்லை. அவனை மந்தன் என்றும் பிடிவாதக்காரன் என்றும் சொல்லிவிடுவது எளிது. செய்ய வேண்டியது, அவனை முன்வரிசையில் அமர்த்திக் காது மருத்துவரிடம் அனுப்புவதே. பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில மாதங்களில் தானே சரியாகும். சிலருக்கு மட்டும் உள்வாங்கிய இடம் பைபோலாகி, உதிர்ந்த தோல் அதில் சேர்ந்து, கேள்விக்கு உதவும் சிற்றெலும்புகளையே அரித்துவிடும். துர்நாற்றமுள்ள சீழ் அதன் அடையாளம். அதற்கு அறுவை மருத்துவமே வழி.

வீட்டில் காய்ச்சி ஊற்றும் எண்ணெய் பறைக்கு வெளியேதான் நிற்கும். அடைப்போ பறைக்குப் பின்னே. பறையில் துளையிருந்தால் தீங்கும் விளையும்.

எங்கள் உத்திரமேரூர்ப் பக்கத்துப் பாசனக் கிணறுகளில் கோடை முழுதும் சிறுவர்கள் குதிக்கிறார்கள். மூன்று மீட்டர் ஆழத்தில் கூடும் அழுத்தம், உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவதில் கூடுவதை விட மிகுதி. அதுவும் சில நொடிகளில். சளி பிடித்த நாளில் மூழ்காமல், படிக்கட்டில் உட்கார்ந்து நண்பர்களின் துணிகளைக் காத்துக்கொண்டிருக்கலாம்.