ஸ்கோர் எழுதியவன் ஆட வந்தான்

மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டிய அரசுப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். ஆண்டுதோறும் பி.பி.எட். மாணவர்கள் கற்பித்தல் பயிற்சிக்கு வருவார்கள். பாடக்குறிப்பு எழுதி, வகுப்பெடுத்து, என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். அவர்களுக்குப் பயிற்சி கிடைத்தது. என் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்று நான் யோசித்ததே இல்லை.

சென்ற ஆண்டு வந்த இருவரிடம், “முதல் மூன்று நாள் மைதானத்தில் யார் ஆடவில்லை என்று மட்டும் பாருங்கள்” என்றேன். மூன்றாம் நாள் ஒருவர் கேட்டார்: “சார், ஊன்றுகோலோடு வரும் எட்டாம் வகுப்புப் பையன் எப்போதும் ஸ்கோர்தான் எழுதுவானா?” எனக்குச் சுருக்கென்றது. மூன்று ஆண்டுகளாக அவன் கையில் நோட்டைக் கொடுத்தவன் நான்தான்.

அவனிடமே கேட்டோம். வாலிபால் ஆட வேண்டும் என்றான். அமர்ந்து ஆடும் வாலிபால் 1980 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. களம் 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். வலையின் உயரம் ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர். மணலில் கோடு கிழித்து, பழைய வலையைத் தாழ்த்திக் கட்டினோம். எல்லாரும் உட்கார்ந்தார்கள். நன்றாக ஓடும் பிள்ளைகள் நகர முடியாமல் திணற, ஊன்றுகோல் பிடித்துப் பழகிய கைகளை ஊன்றி அவன் சரசரவென நகர்ந்தான்.

இதைத்தான் சேவைவழிக் கற்றல் என்கிறோம். வளாகத்தைச் சுத்தம் செய்வது சேவை. கற்பித்தல் பயிற்சி கற்றல். பள்ளியின் உண்மையான தேவையை அறிந்து, படித்த பாடத்தைக் கொண்டு அதற்கு உதவி, செய்ததைத் திரும்பிப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றாகின்றன.

திரும்பிப் பார்ப்பதுதான் இதன் உயிர். தினமும் மாலையில் மூன்று கேள்விகளுக்கு அவர்கள் விடை எழுதினார்கள்: இன்று யார் ஆடினார்கள்? யார் ஆடவில்லை? நாளை நான் எதை மாற்றுவேன்? ஒருநாள் பயிற்சி ஆசிரியர் அவனுக்கு மட்டும் பந்தை மெதுவாகப் போட்டார். அவன் முகம் சுருங்கியது. “இரக்கப்பட்டேன், அது தவறு” என்று அன்று எழுதினார். எந்தப் பாடக்குறிப்பும் அவருக்கு இதைக் கற்றுத் தந்திருக்காது.

தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் நம் செங்கல்பட்டு மாவட்டத்து மேலக்கோட்டையூரில்தான் இருக்கிறது. உடற்கல்வி படிப்பவர்கள் நமக்குத் தூரத்தில் இல்லை. அடுத்த முறை பயிற்சி ஆசிரியர்கள் உங்கள் பள்ளிக்கு வரும்போது, கால அட்டவணையோடு உங்கள் பள்ளியின் தேவை ஒன்றையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

அந்த இருவரும் போய்விட்டார்கள். ஆட்டம் தொடர்கிறது. ஸ்கோர் நோட்டு இப்போது தினமும் ஒருவர் கைக்குப் போகிறது. அவனுக்கும் முறை வரும்.