எண் மாறிய போல்ட்: பழைய ரைபிளுக்கு யார் வைத்தியம் பார்ப்பது?

மும்பையில் நாங்கள் குடியிருக்கும் சாலில் கடைசி அறை ஒரு முன்னாள் ராணுவத்தாருடையது. வேலூர்ப் பக்கத்துக்காரர். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற பின், லைசென்ஸ் பெற்ற .315 ரைபிளுடன் ஒரு தனியார் நிறுவனத்தில் காவல் பார்க்கிறார். 2024 நவம்பரில் மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது, வேறு பலரைப் போல அவரும் தமது ஆயுதத்தை ஒப்படைத்தார். தேர்தல் முடிந்து அதைத் திரும்ப வாங்கப் போனவர் வெறுங்கையுடன் வந்து சேர்ந்தார்.

"என்னங்க ஐயா, துப்பாக்கி எங்கே?" என்று கேட்டேன்.

"உடம்பு என்னுடையது, போல்ட் வேறொருத்தனுடையது தம்பி. கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன்" என்றார்.

உடன் போயிருந்த இளைய காவலர், "நன்றாகத்தானே நுழைகிறது, இதற்காக ஏன் அலைய வேண்டும்?" என்று சொன்னாராம். நுழைகிறதே, அதுதான் ஆபத்து என்பது பெரியவரின் வாதம். அதை அவர் எனக்கு விளக்கியபோது, தண்டவாளத்தின் நடுவே வாழும் எனக்குச் சட்டென்று புரிந்தது. சக்கரம் பாதையில் ஏறிவிட்டால் மட்டும் போதாது. அளவு சரியாக இருந்தால்தான் வண்டி ஓடும்.

.315 ரைபிள் என்பது ராணுவம் பல ஆண்டுகள் தூக்கித் திரிந்த .303 லீ என்பீல்டின் அமைப்பைத் தழுவியது. இதில் தோட்டாவைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிப்பது போல்ட். போல்ட்டின் முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் இடையே தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடைவெளியை 'ஹெட் ஸ்பேஸ்' என்பார்கள். .303-இல் அது ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் 64 பங்குக்குக் குறையவும் கூடாது, 74 பங்கைத் தாண்டவும் கூடாது. வித்தியாசம் வெறும் பத்துப் பங்கு! கண்ணுக்குத் தெரியாத அந்த அளவு மிஞ்சினால், சுடும்போது பித்தளைக் கூடு பின்பக்கம் கிழிந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரலாம். ஆகவேதான் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் போல்ட்டை அளந்து பொருத்தி, இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறிக்கிறார்கள்.

இச்சாப்பூர் செய்த மாற்றங்கள்

கல்கத்தாவுக்கு வடக்கே, சியால்டா – ராணாகாட் பாதையில் இருக்கிறது இச்சாப்பூர். நம் நாட்டில் .303 ரைபிள் பிறந்ததும், பல வேடங்கள் பூண்டதும் அங்குள்ள தொழிற்சாலையில்தான். வெள்ளைக்காரன் காலத்தில் போலீசுக்கென்று இதே ரைபிளில் வரியில்லாத .410 குழலைப் பொருத்தி, மேகசின் இருந்த இடத்தில் மரக்கட்டையை அடைத்தார்கள். ஒரு தடவைக்கு ஒரே தோட்டாதான். 1857 கிளர்ச்சிக்குப் பின் இந்தியச் சிப்பாய்க்கு வரியில்லாத குழலே போதும் என்று நினைத்த ஆட்சி அல்லவா!

1962-இல் சீனப் போர் முடிந்தபின் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கென்று 2ஏ ரைபிள் வந்தது. அந்தத் தோட்டாவின் அழுத்தம் .303-ஐவிடக் கூடுதல். பழைய உடம்பில் புதுக் குழலைத் திருகி வேலையை முடித்துவிடவில்லை. மேலான உருக்கில் புதிதாகவே செய்தார்கள். தொழிற்சாலைக்கே இந்த எச்சரிக்கை தேவைப்பட்டது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

.303 லேசில் ஓய்வு பெறவில்லை. 2008 நவம்பர் 26 இரவு, அப்போது சி.எஸ்.டி. என்று அழைக்கப்பட்ட நமது ரயில் நிலையத்தில் பயங்கரவாதிகளின் ஏ.கே. துப்பாக்கிகளுக்கு எதிரே நின்ற காவலர்களின் கையில் இருந்தது இதுதான். உத்தரப் பிரதேச போலீசார் 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான் இதற்கு விடை கொடுத்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

வெளிநாடுகளில் ராணுவம் கழித்த ரைபிளைக் கடையில் வாங்கி, கட்டையைச் செதுக்கி, வேட்டைத் துப்பாக்கியாக மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. இச்சாப்பூர் 2ஏ1 ரைபிள்களே அமெரிக்கக் கடைகளுக்குப் போயிருக்கின்றன. நம் நாட்டில் அது நடக்காது. .303, 7.62 ஆகிய சர்வீஸ் தோட்டாக்களைச் சுடக்கூடிய ரைபிள்கள் தடை செய்யப்பட்ட ரகம். பொதுமக்களுக்காகவே வேறு அளவில் .315 தோட்டா இருக்கிறது.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி, துப்பாக்கியைப் பழுது பார்ப்பதைத் தொழிலாகச் செய்யவும் லைசென்ஸ் வேண்டும். 6-ஆவது பிரிவின்படி, லைசென்ஸ் இல்லாமல் குழலைக் குட்டையாக்குவது குற்றம். ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதும் குற்றம் என்று 2019-இல் சேர்த்தார்கள். தண்டனை ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் வரையும் போகலாம். "லேத் பட்டறையில் நம்ம ஆள் இருக்கான், அரை மணியில் முடித்துவிடுவான்" என்று யாராவது சொன்னால், காவல் வேலை பார்க்கும் நம்மவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சொந்தக்காரர் பார்க்க வேண்டியவை

அப்படியானால் லைசென்ஸ்தாரர் எதையுமே தொடக்கூடாதா? பார்க்க வேண்டியது நிறைய உண்டு என்கிறார் பெரியவர். ரைபிள் எப்போது கைமாறினாலும் முதலில் போல்ட் எண்ணையும் உடம்பின் எண்ணையும் ஒப்பிட வேண்டும். சுட்ட கூட்டை எடுத்துப் பார்க்க வேண்டும்; அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளவென்று வளையமோ கீறலோ தெரிந்தால், அதற்குமேல் ஒரு தோட்டாவும் சுடாமல் லைசென்ஸ் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தோட்டா சிக்கினால் பெரும்பாலும் குற்றம் நிரப்பியவருடையதே. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் இரண்டும் மாட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் குறி விலகினால் கட்டை ஈரத்தில் உப்பியிருக்கலாம். உப்புத்தாள் எடுத்து நாமே தேய்க்கக் கூடாது. விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், குழலை ஆபத்தில்லாத திசையில் நிறுத்தி, அரை நிமிடமாவது பொறுத்த பிறகே போல்ட்டைத் திறக்க வேண்டும்.

சுத்தம் செய்வதிலும் ஒரு பாடம் உண்டு. பழைய .303 தோட்டாவைச் சுட்டால், அதன் பின்புறக் கேப்பிலிருந்து குழலில் ஒருவித உப்பு தங்கிவிடும். எண்ணெயில் உப்பு கரையாது. அதனால் பட்டாளத்தில் முதலில் கொதிநீர் ஊற்றுவார்கள், பிறகு புல்த்ரூ கயிற்றில் சிந்தித் துணியைக் கட்டி ஈரம் போக இழுப்பார்கள், கடைசியில்தான் எண்ணெய்.

மூன்று நாள் அலைந்த பிறகு பெரியவரின் போல்ட் அகப்பட்டது. வேறொரு காவலரின் துப்பாக்கியில் அது பொருத்தப்பட்டு, ஒரு கிடங்கு வாசலில் காவல் நின்றுகொண்டிருந்தது. நல்ல வேளையாக அவர் ஒரு தோட்டாவும் சுடவில்லை. அந்த மூன்று நாளும் பெரியவருக்குச் சம்பளம் கிடையாது.

"போனது மூணு நாள் கூலிதானே தம்பி. அந்தப் பையனுக்குக் கண் இருக்கிறதே" என்றார்.